வட்டார கிரிக்கெட் பிளே-ஆஃப்: விதிகளை எழுதுவது எப்படி?

லீக் சுற்றில் மழை கொட்டினால் இரு அணிகளுக்கும் ஆளுக்கொரு புள்ளி கொடுத்து அனுப்பிவிடலாம். லீகில் முன்னணியில் வந்த அணிகள் மோதும் பிளே-ஆஃபில் அதற்கு வழியில்லை. ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓர் அணி அடுத்த கட்டத்துக்குப் போயாக வேண்டும், இன்னோர் அணி மூட்டை கட்டியாக வேண்டும். அமெச்சூர் தொடர்களில் வெடிக்கும் பெரிய சச்சரவுகளைக் கிளறிப் பாருங்கள். பெரும்பாலும் நடுவரின் தவறான தீர்ப்பு காரணமாக இருக்காது, யாரோ எழுதாமல் விட்ட ஒரு வரிதான் காரணமாக இருக்கும்.

முதல்முறையாக ஒரு வட்டாரத் தொடரை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 20 ஓவர் ஆட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். ஓவர்கள் வேறானாலும் முறை இதேதான்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எல்பிடபிள்யூ, நோ பால், ரன் அவுட் போன்றவற்றை நீங்கள் எழுத வேண்டியதில்லை. அவை எம்சிசி (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) வகுத்த கிரிக்கெட் சட்டங்களில் இருக்கின்றன. "இத்தொடரில் எம்சிசி சட்டங்கள் பொருந்தும், கீழ்க்காணும் நிபந்தனைகள் வேறுபடும் இடங்களில் இந்நிபந்தனைகளே செல்லும்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மீதி எல்லாம் உங்கள் பொறுப்பு.

படி 1: வடிவத்தை முடிவு செய்யுங்கள்

நான்கு அணிகள் தகுதி பெற்றால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நேரடி அரையிறுதி: முதலிடம் நான்காமிடத்தோடும், இரண்டாமிடம் மூன்றாமிடத்தோடும் மோதும். இறுதிப்போட்டியோடு சேர்த்து மூன்றே ஆட்டங்கள்.

இரண்டாவது, ஐபிஎல் 2011 முதல் பின்பற்றும் முறை. முதல் இரண்டு அணிகள் முதல் தகுதிச்சுற்றில் மோதும், வென்ற அணி நேராக இறுதிக்குப் போகும். மூன்றாம், நான்காம் அணிகள் எலிமினேட்டரில் மோதும், தோற்ற அணி வெளியேறும். முதல் தகுதிச்சுற்றில் தோற்ற அணியும் எலிமினேட்டரில் வென்ற அணியும் இரண்டாம் தகுதிச்சுற்றில் சந்திக்கும். மொத்தம் நான்கு ஆட்டங்கள்.

லீக் முழுக்க உழைத்து முதலிரண்டு இடங்களைப் பிடித்த அணிகளுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் வாய்ப்பு தருவதால் இரண்டாவது முறைதான் நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் கூடுதலாக ஒரு நாள் மைதானம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அரையிறுதி முறையை எடுத்துக்கொண்டு, முதலிடத்துக்கு வேறொரு பலன் கொடுங்கள். அது என்ன என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 2: புள்ளிகள் சமமானால் யார் மேலே?

பலரும் யோசிக்காமல் "நிகர ரன் விகிதம்" என்று எழுதிவிடுகிறார்கள். பலவீனமான ஓர் அணியை ஒரே நாளில் நொறுக்கித் தள்ளியவர்களுக்கு அது அளவுக்கு மீறிய லாபம் தரும். அமெச்சூர் தொடரில் அணிகளுக்கிடையே தர வித்தியாசம் அதிகம் என்பதால் இந்த வரிசையைப் பரிந்துரைப்பேன்: முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, இரண்டு அணிகள் மட்டும் சமமாக இருந்தால் அவை நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவு, அதன் பிறகு நிகர ரன் விகிதம், கடைசியாகக் குலுக்கல். மூன்று அணிகள் சமமாக நின்றால் ஒன்றையொன்று வென்று வட்டமாகச் சுற்றக்கூடும். அப்போது நேரடியாக நிகர ரன் விகிதத்துக்குப் போய்விடுங்கள்.

கணக்கைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். அடித்த மொத்த ரன்களை ஆடிய ஓவர்களால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த மொத்த ரன்களை வீசிய ஓவர்களால் வகுத்த ஈவைக் கழிக்க வேண்டும். இதில் இரண்டு இடங்களில் வழுக்கும்.

ஓர் அணி 15 ஓவரில் 110 ரன்னுக்கு ஆல் அவுட் ஆகிறது. எதிரணி 14.2 ஓவரில் 111 எடுத்து வெல்கிறது. ஆல் அவுட் ஆன அணிக்கு 15 ஓவர் என்று எடுக்கக் கூடாது. முழு 20 ஓவராகத்தான் எடுக்க வேண்டும், எனவே விகிதம் 5.5. அடுத்தது, 14.2 ஓவர் என்பது தசம எண் அல்ல, 14 ஓவரும் 2 பந்தும், அதாவது 86 பந்துகள். 111-ஐ 86-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 7.744. வென்ற அணிக்கு இந்த ஆட்டத்தில் +2.244. ஆல் அவுட் விதியை மறந்து 15 ஓவர் என்று போட்டிருந்தால் +0.411தான் வந்திருக்கும். ஓர் அணியின் தலையெழுத்தே இதில் மாறிவிடும்.

முடிவில்லாமல் போன ஆட்டங்களும், எதிரணி வராததால் கிடைத்த வெற்றிகளும் இந்தக் கணக்கில் சேராது என்றும் எழுதுங்கள்.

படி 3: யார் ஆடலாம்?

அரையிறுதி நெருங்கும்போது திடீரென்று ஒரு புதிய வேகப்பந்து வீச்சாளர் முளைப்பார். லீக் முழுக்க வெயிலில் ஓடிய பையனை உட்காரவைத்துவிட்டு, அவர் புதிய பந்தைக் கையில் எடுப்பார். இதைத் தடுக்க ஒரே வரி போதும்: "பிளே-ஆஃபில் ஆடும் ஒவ்வொருவரும் இதே அணிக்காக லீக் சுற்றில் குறைந்தது மூன்று ஆட்டங்களில் ஆடும் பதினொருவரில் இடம்பெற்றிருக்க வேண்டும்." எண்ணிக்கையை உங்கள் லீகின் நீளத்துக்கு ஏற்ப வையுங்கள், பாதி ஆட்டங்கள் என்பது நல்ல அளவு. காயமடைந்த விக்கெட் கீப்பருக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம், அதுவும் தொடர்க் குழுவின் முன் அனுமதியோடு.

தகுதியற்ற ஒருவர் ஆடியது தெரியவந்தால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தண்டனை சொல்லாத விதியை யாரும் மதிப்பதில்லை.

படி 4: மழையும் வெளிச்சமும்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

எத்தனை ஓவர் வீசினால் அது ஆட்டம்? சர்வதேச 20 ஓவர் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணி குறைந்தது 5 ஓவர்களைச் சந்தித்தால் முடிவு செல்லும். 2022, 2024 டி20 உலகக் கோப்பைகளின் அரையிறுதி, இறுதி ஆட்டங்களில் அதை 10 ஓவராக உயர்த்தினார்கள். பிளே-ஆஃபுக்கு நீங்களும் ஓரளவு உயர்த்துவது நல்லது. ஐந்து ஓவரில் பத்து விக்கெட்டையும் பணயம் வைத்து யாரும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றலாம்.

நேரம் வீணானால் ஓவர்களை எப்படிக் குறைப்பது? ஓர் ஓவருக்கு நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வீணாகும் ஒவ்வொரு 9 நிமிடத்துக்கும் இரு அணிகளும் ஆளுக்கு ஓர் ஓவரை இழக்கும். தொடங்குமுன் 45 நிமிடம் போனால் அது 15 ஓவர் ஆட்டம். ஒரு பந்துவீச்சாளருக்கு மொத்த ஓவரில் ஐந்தில் ஒரு பங்குதான் உச்சவரம்பு, ஆக 3 ஓவர். 12 ஓவராகக் குறைந்தால் இருவர் 3 ஓவரும் மற்றவர்கள் 2 ஓவரும் வீசலாம். இதை ஒரு சிறிய அட்டவணையாகப் போட்டு ஸ்கோரர் மேசையில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது இன்னிங்ஸின் நடுவில் மழை வந்தால் இலக்கு என்ன? 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டது. 12 நிமிட மழை நின்றபோது, அப்போதிருந்த விதிப்படி அது ஒரே பந்தில் 21 ரன் ஆகிவிட்டது. அந்தக் கொடுமைக்குப் பிறகு வந்ததுதான், ஓவர் குறையும்போது இலக்கைத் திருத்தும் டக்வர்த்-லூயிஸ் முறை, இப்போது டிஎல்எஸ் (டக்வர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன்). அதைக் கணக்கிடத் தெரிந்த ஒருவரும் அதற்கான அட்டவணையும் உங்களிடம் இருந்தால் அதையே எழுதுங்கள். இல்லாவிட்டால் சராசரி ரன் விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது துரத்தும் அணிக்குச் சாதகமானது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஓவர் குறைந்தாலும் அவர்கள் கையில் பத்து விக்கெட்டும் அப்படியே இருக்கும்.

மாற்று நாள் உண்டா? உண்டென்றால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடருமா, புதிதாகத் தொடங்குமா? 2002 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் இந்தியாவும் இலங்கையும் இரண்டு நாளும் புதிதாகத் தொடங்கின. இரண்டு நாளும் இலங்கை முழு 50 ஓவர் ஆடியது, இரண்டு நாளும் இந்தியாவின் இன்னிங்ஸ் மழையில் போனது, கோப்பை பகிரப்பட்டது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியிலோ நியூசிலாந்து 46.1 ஓவர் ஆடியிருந்த இடத்திலிருந்து மறுநாள் தொடர்ந்து, இந்தியாவை 18 ரன்னில் வென்றது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதே சரி. ஒரு நாள் முழுக்க உழைத்ததை மழை அழிக்கக் கூடாது.

மாற்று நாளும் போனால்? இங்கேதான் முதலிடத்துக்கான பலன்: "ஆட்டம் நடத்தவே முடியாவிட்டால் லீக் பட்டியலில் மேலே இருந்த அணி முன்னேறும்." இறுதிப்போட்டிக்கு மட்டும் கோப்பையைப் பகிரலாம் என்று வேறுபடுத்துங்கள்.

மின்விளக்கு இல்லாத மைதானமென்றால் ஆட்டம் எத்தனை மணிக்கு முடிந்தாக வேண்டும் என்பதைக் கடிகார நேரமாகவே குறியுங்கள். "வெளிச்சம் போகும் வரை" என்று எழுதினால் இரண்டு கேப்டன்களுக்கும் இரண்டு விதமான வெளிச்சம் தெரியும்.

படி 5: ஸ்கோர் சமமானால்

1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213 ரன்னில் சமமாயின. அதற்கு முந்தைய சுற்றான சூப்பர் சிக்ஸின் பட்டியலில் மேலே இருந்ததால் ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. 2019 இறுதியில் ஆட்டம் சமமாகி, ஆளுக்கு ஓர் ஓவர் கூடுதலாக ஆடும் சூப்பர் ஓவரும் 15-15 என்று சமமானதால், அதிக பவுண்டரி அடித்த இங்கிலாந்து கோப்பையை எடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) பவுண்டரி எண்ணிக்கையைத் தூக்கி எறிந்தது. நீங்களும் அதைத் தொடாதீர்கள்.

சூப்பர் ஓவர் வையுங்கள். இரண்டாவதாக ஆடிய அணி சூப்பர் ஓவரில் முதலில் ஆடும், இரண்டு விக்கெட் விழுந்தால் இன்னிங்ஸ் முடியும். மீண்டும் சமமானால் மீண்டும் சூப்பர் ஓவர். முந்தைய சூப்பர் ஓவரில் ஆட்டமிழந்தவர் மறுபடி மட்டை பிடிக்க முடியாது, வீசியவர் மறுபடி வீச முடியாது. 2024 ஜனவரியில் இந்தியா - ஆப்கானிஸ்தான் ஆட்டம் இரண்டாவது சூப்பர் ஓவர் வரை போனபோது, முதலாவதின் கடைசிப் பந்துக்கு முன் தானாக வெளியேறிய ரோகித் சர்மா மீண்டும் ஆடலாமா என்று பெரிய விவாதமே எழுந்தது. "காயமின்றித் தானாக வெளியேறியவர் ஆட்டமிழந்தவராகவே கருதப்படுவார்" என்று எழுதிவிட்டால் உங்கள் மைதானத்தில் அந்த விவாதம் வராது. வெளிச்சம் போய், சூப்பர் ஓவர் சாத்தியமில்லாவிட்டால் லீக் பட்டியலில் மேலே உள்ள அணி.

படி 6: நடுவர், ஸ்கோரர், பந்து

இரு அணிகளுக்கும் தொடர்பில்லாத நடுவர்கள் வேண்டும். பணம் இல்லையென்றால் வெளியேறிய அணிகளிலிருந்து அனுபவமுள்ளவர்களைக் கேளுங்கள். அணிக்கு ஒரு ஸ்கோரர், இருவரும் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு ஓவர் முடிவிலும் எண்களை ஒப்பிட வேண்டும். ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் ஒரே தயாரிப்பில் புதிய பந்து, அதைத் தொடர்க் குழுவே தரும்.

படி 7: முறையீடு

களத்தில் நடுவர் கொடுத்த தீர்ப்பின் மீது முறையீடு கிடையாது. தகுதியற்ற வீரர், தவறான ஓவர் கணக்கு, தவறான இலக்கு போன்றவற்றின் மீது மட்டுமே முறையிடலாம். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கேப்டன் எழுத்தில் கொடுக்க வேண்டும். மோதிய அணிகளைச் சாராத மூவர் அடுத்த ஆட்டத்துக்கு முன் முடிவு சொல்ல வேண்டும். அந்த மூவரின் பெயரைத் தொடர் தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள்.

படி 8: எல்லோருக்கும் சொல்லுங்கள்

2023 ஆசியக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக ஆப்கானிஸ்தான் 292 ரன்னை 37.1 ஓவரில் எட்டினால், நிகர ரன் விகிதப்படி அடுத்த சுற்று. 37.1 ஓவரில் 289 ரன்னில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். உண்மையில் 37.4 ஓவருக்குள் 295-ஐ எட்டினாலும் போதும், ஒரு சிக்ஸர் போதும். அது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பின்னர் பயிற்சியாளர் சொன்னார். கடைசி மட்டையாளர் பந்துகளைத் தடுத்தாடி, ஆட்டமிழந்தார். சிக்ஸர் அடிக்கக்கூடிய ரஷீத் கான் எதிர்முனையில் நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே கடைசி லீக் ஆட்டத்துக்கு முன்பே எல்லா கேப்டன்களையும் உட்காரவைத்து விதிகளை உரக்கப் படியுங்கள். "பத்தாவது ஓவரில் மழை வந்து நிற்கவே இல்லை, யார் போவார்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். இருவர் வெவ்வேறு பதில் சொன்னால் அந்த வரியை அங்கேயே திருத்தி எழுதுங்கள். பிறகு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நடுவரிடமும் ஒரு பிரதியை ஸ்கோரர் மேசையிலும் கொடுத்துவிடுங்கள்.