ஹைட்ராஞ்சியாவை எப்போது வெட்டக் கூடாது

மூணாறில் இருந்து தேவிகுளம் ஏறும் ரோட்டில், ஒரு வளைவு தாண்டினால் எங்கள் வீடு. படிக்கட்டின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா வைத்திருக்கிறேன், பதினொரு செடி. மே கடைசியில் பூக்கத் தொடங்கினால் பெருமழை ஓயும்வரை பூ இருக்கும். வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் படியேறி வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எங்க வீட்லயும் செடி நல்லாத்தான் வருது, பூ மட்டும் வரமாட்டேங்குதே, ஏன்?" கடைசியாக எப்போது வெட்டினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் சொல்லும் மாதத்திலேயே காரணம் வந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். நான் இருபத்திரண்டு வருடம் தேயிலை நர்சரியில் வேலை பார்த்தவள். வீட்டுக்காரர் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்துக்காரர். கையில் கத்தி இருந்தால் எந்தச் செடியும் இடுப்புக்கு மேல் நிற்பது அவருக்குப் பொறுக்காது. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு, வாசலும் திருத்தமாக இருக்கட்டும் என்று பதினொரு செடியையும் முழங்கால் உயரத்துக்கு மட்டமாகச் சீவிவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மார்ச்சில் தளிர் வந்தது. ஏப்ரலில் இலை தட்டு அகலத்துக்கு விரிந்தது. மே போனது, ஜூன் போனது, ஒரு பூ இல்லை. "உரம் போதல" என்றார். உரத்தில் ஒரு குறையும் இல்லை.

தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. எங்கே வெட்டினாலும் கொழுந்து வரும். ஹைட்ராஞ்சியாவில் வேண்டியது பூ. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும் பெரிய இலை ரகம், அடுத்த வருடப் பூவை இந்த வருடத் தண்டின் நுனியிலேயே தயார் செய்துவிடும். மழை ஓய்ந்து ஐப்பசி, கார்த்திகைக் குளிர் ஏறும்போது அந்த மொட்டு உள்ளே உருவாகிறது. வெளியே பார்த்தால் தடித்த ஒரு முனை, அவ்வளவுதான். தை மாதத்தில் அந்த முனையை வெட்டினால் வைகாசிப் பூவை வெட்டியதாக அர்த்தம்.

அப்புறம் எப்போதுதான் வெட்டுவது? பூ வாடியதும், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ. வாடிய கொத்துக்குக் கீழே வந்தால் தடிப்பான மொட்டு ஒரு ஜோடி எதிரெதிராக இருக்கும். அதற்கு அரை அங்குலம் மேலே ஒரு வெட்டு. அதோடு நிறுத்த வேண்டும். செடி அடர்ந்துபோயிருந்தால், பட்டை உரிந்து கட்டையாகிப்போன பழைய தண்டுகளில் மூன்றில் ஒன்றை மட்டும் தரையோடு எடுங்கள். மீதியை அடுத்தடுத்த வருடங்களில் பார்த்துக்கொள்ளலாம். காய்ந்த குச்சியை எந்த மாதம் எடுத்தாலும் தப்பில்லை. அக்டோபர் பிறந்தால் எங்கள் வீட்டில் கத்தி பரணுக்குப் போய்விடும். நானே தூக்கி வைத்துவிடுவேன்.

புதுத் தண்டிலும் பூக்கிற ரகங்கள் இப்போது கிடைக்கின்றன. 2004-ல் விற்பனைக்கு வந்த எண்ட்லெஸ் சம்மர் அப்படி ஒன்று. அது வாய்த்தால் வெட்டு தப்பினாலும் கொஞ்சம் பூ பார்க்கலாம். பக்கத்து வீட்டில் இருந்து குச்சி வாங்கி வைத்தவர்கள், தங்களுடையது பழைய ரகம் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

வெட்டாமலே பூக்காத செடிக்கு இன்னொரு காரணம் இருக்கும்: ஊர். மலைக்குக் கீழே போடியில் இருக்கிற என் நாத்தனார் மூன்று தடவை இங்கிருந்து செடி கொண்டுபோனாள். மூன்றாவது தடவை போன் செய்து, "மதினி, இதுவும் போயிருச்சு" என்றாள். மொட்டு உருவாக, சில வாரமாவது 18 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். போடிமெட்டு இறங்கிவிட்டால் அந்தக் குளிர் ஏது? குளிர்கிற மலை ஊர்களான வட்டவடையில், காந்தளூரில் தாராளமாக வைக்கலாம். மறையூரில் மழையும் குறைவு, வெயிலும் அதிகம். மரநிழல் பார்த்து வைத்து, தண்ணீர் தவறாமல் விட்டால் செடி பிழைக்கும், ஆனால் இங்கே மாதிரி பூத்துக் குலுங்காது.

வைக்கும் இடத்தில் காலை வெயில் பட வேண்டும், மதியம் நிழல் விழ வேண்டும். முழு நிழலில் இலைதான் வரும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கிய சாணமும் காட்டு இலைமக்கும் கலந்து வையுங்கள். செடிக்குச் செடி நாலு அடி. இது தண்ணீர் கேட்கிற செடிதான், தேங்கினால் வேர் அழுகிவிடும். அதனால் எங்கள் மாதிரிச் சரிவு நிலம் வசதி, சமதரையில் கொஞ்சம் மேடு கட்டி வைக்க வேண்டும். ஜூன், ஜூலைப் பெருமழையில் குழி எடுக்காதீர்கள். கோடை மழை பெய்து மண் நனைந்த மே மாதம் நல்லது, இல்லையென்றால் செப்டம்பர்.

இனி நிறம். ஒரே தாய்ச்செடியின் குச்சி ஒரு வீட்டில் நீலமாகவும் அடுத்த வீட்டில் ரோஸாகவும் பூப்பதற்குக் கைராசி காரணமில்லை, மண்தான். தேயிலை வருகிற மண் எல்லாம் புளிப்பு மண், கார அமில அளவு (pH) 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருக்கும். அந்தப் புளிப்பில் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அது பூவுக்குப் போய்ச் சேர்ந்தால் நீலம். மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறினால் அலுமினியம் கட்டிப்போய்விடும், பூ ரோஸாகும். இரண்டுக்கும் நடுவே ஊதா. வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளைதான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, சுவர் சொல்லிக்கொடுத்தது. 2018 ஆகஸ்ட் மழையில் வீட்டுப் பக்கவாட்டில் மண் சரிந்தது. மறுவருடம் அங்கே சிமென்ட் வைத்துத் தடுப்புச் சுவர் கட்டினோம். அதுவரை பதினொன்றும் நல்ல நீலம். சுவர் வந்து இரண்டு வருடத்தில், அதை ஒட்டி நின்ற மூன்று செடிகள் மட்டும் ஊதாவாகி, பிறகு ரோஸாகிவிட்டன. எதிர் வீட்டுச் சேச்சி யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். சிமென்டில் இருந்து மழையோடு இறங்கிய சுண்ணாம்புதான். தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லயத்து வீடுகளிலும் இது நடக்கும். வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிற மூலையில் நிற்கும் செடி ரோஸாகப் பூப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நீலம் வேண்டுமென்றால் படிகாரம் போதும். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே, அதேதான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடித்து, நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்த மண்ணில் ஊற்றுங்கள். இலையில் படக் கூடாது. பிப்ரவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, நாலைந்து தடவை. சீக்கிரம் நீலமாகட்டும் என்று அளவைக் கூட்டினால் வேர் கருகும். கூடவே எலும்புத் தூளையும் சூப்பர் பாஸ்பேட்டையும் நிறுத்துங்கள், அவற்றில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஸ் வேண்டுமென்றால் டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் தூள் ஒரு கைப்பிடி, மழைக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று. எது செய்தாலும் இந்த வருடமே மாறாது. மொட்டில் நிறம் ஏறிய பிறகு ஊற்றுவதும் வீண்.

துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலமாகும் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். ஆணியில் இருப்பது இரும்பு. வீட்டுக்காரர் அரைக்கிலோ ஆணி புதைத்தார். களை எடுக்கும்போது என் விரலில் குத்தியதுதான் மிச்சம்.

உரத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை: தேயிலைக்குப் போடுகிற யூரியாவை மிச்சம் இருக்கிறதே என்று இதற்குப் போடாதீர்கள். இலை முறம் மாதிரி வரும், பூ வராது. வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு கூடை மக்கிய சாணம் போதும். அதன் மேல் காய்ந்த சில்வர் ஓக் இலையோ, வீட்டில் மிஞ்சும் தேயிலைச் சண்டோ பரப்பிவிட்டால் ஈரமும் நிற்கும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாரம் இரண்டு மூன்று தடவை வேர்ப்பகுதி நனைகிற மாதிரித் தண்ணீர் விடுங்கள். மதிய வெயிலில் இலை துவண்டு தொங்குவதைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால், சாயந்திரம் அதுவே நிமிர்ந்துகொள்ளும். காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம்.

குச்சி வைப்பது என் சொந்தத் தொழில் என்பதால் இதில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு. ஜூன், ஜூலையில், பூக்காத தண்டில் இருந்து நாலைந்து அங்குலம், இரண்டு கணு வருகிற மாதிரி வெட்டுங்கள். கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வெட்டு. கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலை இரண்டையும் குறுக்கே பாதியாக நறுக்க வேண்டும். முழு இலை இருந்தால் வேர் வருவதற்குள் குச்சி வற்றிவிடும். பாலித்தீன் பையின் அடியில் காட்டு மண், மேலே மூன்று அங்குலம் அடிமண்ணும் ஆற்று மணலும் கலந்தது. தேயிலை நர்சரியில் செய்வதும் இதுவே. வேர் விடும் இடத்தில் சாணம் இருந்தால் குச்சி அழுகும். நிழலில் வைத்து மேலே பாலித்தீன் தாள் மூடுங்கள். ஒரு மாதத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது.

பனி. 2019 ஜனவரியில் மூணாறில் நாள் தவறாமல் உறைபனி விழுந்ததே, அந்த வருடம் நுனி மொட்டெல்லாம் தீய்ந்து கறுத்துப்போனது. அதிலிருந்து மார்கழி, தையில் வானம் தெளிந்து காற்றில்லாத ராத்திரி என்றால் பழைய சாக்கைக் குச்சி நட்டு மூடிவிட்டு, விடிந்ததும் எடுத்துவிடுகிறேன். பள்ளத்தில் வீடு இருப்பவர்கள் செப்டம்பர் வெட்டையும் தள்ளிப்போடலாம். காய்ந்த கொத்தை அப்படியே விட்டால் அதற்குக் கீழே உள்ள மொட்டுக்கு அது குடை. பிப்ரவரி கடைசியில் கொத்தை மட்டும் நறுக்கிக்கொள்ளலாம். கருகிய தண்டையும் உடனே வெட்டாதீர்கள். மார்ச் வரை பொறுத்தால் எது உயிர், எது கட்டை என்று தளிரே காட்டிவிடும்.

மழையில் இலையில் பழுப்புப் புள்ளி வரும். அந்த இலைகளைக் கிள்ளித் தூரப் போட்டால் போதும், மருந்தடிக்கும் அளவுக்கு இல்லை. யானை மிதித்ததற்கு என்னிடம் வைத்தியம் கிடையாது. இரண்டு செடி அப்படிப் போனது. அடுத்த மழைக்கு அடியில் இருந்து துளிர்த்து வந்துவிட்டன.

மாடும் ஆடும் இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையிலும் மொட்டிலும் விஷம் உண்டு. வெட்டிய கிளையைத் தொழுவத்துப் பக்கம் குவித்து வைக்காதீர்கள். கைக்குழந்தை வாயில் வைக்காமலும் பார்க்க வேண்டும்.

பூவைப் பறித்து ஜாடியில் வைத்தால் சிலசமயம் ஒரு மணி நேரத்தில் தலை தொங்கும். கொத்தைத் தலைகீழாக வாளித் தண்ணீரில் அரைமணி முக்கி வையுங்கள். இதழ் வழியாகவே தண்ணீர் குடித்து நிமிரும். இதழ் என்று நாம் சொல்வது உண்மையில் புல்லி, மற்ற பூக்களில் மொட்டை மூடியிருக்கும் பச்சை உறை இருக்கிறதே, அதுதான். நிஜப் பூ நடுவில் பொட்டு மாதிரி இருக்கும். புல்லி என்பதால்தான் அது உதிராமல் மாதக்கணக்கில் நிற்கிறது.

காயவைப்பதற்கு, கொத்து பச்சை ஏறி, தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும்வரை செடியிலேயே விடுங்கள். முன்னாலேயே பறித்தால் சுருங்கிப்போகும். பிறகு இலையை உருவிவிட்டு, வெயில் படாத இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். எங்கள் அடுப்படிப் பரணில் இப்போது ஏழு கொத்து தொங்குகிறது. அதில் நாலு கொத்து போடி நாத்தனாருக்கு. போன தடவை வந்தபோதே சொல்லிவிட்டாள்: "செடி வேண்டாம் மதினி, காஞ்ச பூவே குடுங்க."