மேசைக்கும் உணர்ச்சி வரும்: ரப்பர் கை சோதனையை வீட்டில் செய்வது எப்படி

‘நான்’ தோலோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு பொம்மைக் கையும் இரண்டு பிரஷ்ஷும் போதும், அந்த எல்லை நகரும். பொம்மைக் கையைத் தன் கை போலவே உணரவைக்கும் இந்தச் சோதனையை உளவியல் ஆய்வாளர்கள் பாட்வினிக், கோஹன் இருவரும் 1998-ல் வெளியிட்டார்கள்.

ஜவுளிக்கடை பொம்மையின் இடது கை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ரப்பர் கையுறையில் பஞ்சை இறுக்கி அடைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் இரண்டு பெயின்ட் பிரஷ், ஓர் அட்டை, ஒரு துண்டு, கூட ஓர் ஆள்.

உட்காருபவர் இடது கையை மேசைமேல் வைக்கட்டும். அதற்கு வலப்பக்கம் அட்டையை நிறுத்தி மறையுங்கள். அட்டைக்கு இந்தப் பக்கம், நிஜக் கையிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி, விரல்கள் அதே திசையில் நீட்டியிருக்க பொம்மைக் கை. உட்காருபவரின் தோளிலிருந்து துண்டைப் போட்டு பொம்மைக் கையின் மணிக்கட்டு வரை மூடுங்கள். வெட்டுப்பட்ட முனை கண்ணில் பட்டால் பாதி காரியம் கெட்டது.

இனி உட்காருபவர் பொம்மைக் கையையே பார்த்திருக்க, மற்றவர் இரண்டு கையிலும் ஒரே விரலில், ஒரே இடத்தில், ஒரே நொடியில் தடவ வேண்டும். நொடிக்கு ஒரு தடவல், நடுநடுவே ஒரு தட்டு. தாளம் ஒழுங்கில்லாமல் இருப்பதே நல்லது: ஒழுங்கற்ற இரண்டு வரிசைகள் அச்சு மாறாமல் ஒத்துப்போனால், அதைத் தற்செயல் என்று மூளை ஏற்பதில்லை. பலருக்கு ஒரு நிமிஷத்துக்குள் பிரஷ் பொம்மை விரலில் ‘படுவது’ தெரியும். மூன்று நிமிஷம் தடவிப் பாருங்கள். சிலருக்கு வரவே வராது.

வந்ததா என்று பார்க்க, கண்ணை மூடி, வலது கையை மேசைக்கு அடியில் நீட்டி இடது ஆள்காட்டி விரல் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கும் முன்பும் ஒருமுறை காட்டச் சொல்லியிருந்தால், இப்போது காட்டும் இடம் பொம்மைக் கையின் பக்கம் நகர்ந்திருப்பது தெரியும்.

வராததற்குப் பெரும்பாலும் தடவுபவர்தான் காரணம். ஒரு பிரஷ் அரை நொடி பிந்தினாலே கலைந்துவிடும். பொம்மைக் கை குறுக்காகத் திரும்பியிருந்தாலும், 30 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போனாலும் சிரமம்தான்.

கை பழகியதும் பொம்மையை எடுத்துவிட்டு, மறைந்த கையோடு சேர்த்து வெறும் மேசையைத் தடவுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரனும் ஆர்மெல் என்ற ஆய்வாளரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கையிலும் மேசையிலும் பேண்ட்-எய்டு ஒட்டி, மேசையில் இருந்ததை மட்டும் உரித்தார்கள். பார்த்தவர்களின் தோலில் மின்கடத்தல் ஏறியது; பதற்றத்தில் வியர்வை சுரப்பதன் அடையாளம் அது. பொம்மைக் கை அளவுக்கு வலுவில்லை, ஆனாலும் மரப்பலகை உடம்பில் சேர்ந்துகொள்கிறது.

தன் உடம்பே தனதில்லை என்ற உணர்வு ஏற்கெனவே தொல்லை தருபவர்களுக்கு இது வேண்டாம். மற்றவர்கள் முடித்ததும் அட்டையை எடுத்து, சொந்தக் கையைப் பார்த்தபடி இரண்டு முறை முஷ்டி மடக்கினால் போதும், அந்த உணர்வு கலைந்துவிடும். சுத்தியலால் பொம்மைக் கையில் அடித்து வேடிக்கை பார்க்க வேண்டாம்; பதறி இழுக்கும் நிஜக் கை அட்டையிலோ மேசை விளிம்பிலோ போய் இடிக்கும்.