ஹெபடைடிஸ் சி மாத்திரை சாப்பிடும்போது கிட்னியைக் கவனிப்பது எப்படி?

மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) பார்த்துவிடுங்கள், அந்த முதல் ரிப்போர்ட் இல்லாவிட்டால் பிறகு எண் ஏறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எவ்வளவு என்றும் கேளுங்கள். சதை வற்றிய பெரியவர்களுக்குக் கிரியாட்டினின் சரியாக வந்தாலும் கிட்னி சோர்ந்திருக்கலாம்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தரும் சோஃபோஸ்புவிர் மாத்திரை பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. முன்பு ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தால் தரத் தயங்கினார்கள், இப்போது டயாலிசிஸில் இருப்பவர்களுக்கே தருகிறார்கள், அதனால் பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். இதோடு ரிபாவிரின் என்ற மருந்தும் சேர்ந்திருந்தால் கிட்னிக்கு ஏற்ப டாக்டர் அளவைக் குறைப்பார்.

நம்ம டெல்டாவில் எனக்குப் பெரிய கவலை வலி மாத்திரைதான். குறுவை அறுப்பு முடிந்த கையோடு மேல்வலி என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி, நாளெல்லாம் வெயிலில் காய்ந்த உடம்போடு போடுகிறார்கள், கிட்னிக்கு இது ரொம்பக் கெடுதல். தயவுசெய்து வேண்டாம், வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம், ரத்தம் கொடுக்கும் முந்தைய இரவு கறிச்சோறு வேண்டாம், தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கிரியாட்டினின் சும்மாவே கூடுதலாகக் காட்டும். கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.