புதிதாக உடலியல் நடத்த வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த செமஸ்டரில் கோலாலம்பூரில் சில புது விரிவுரையாளர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஸ்லைடில் எழுத்து அதிகம், குரல் எட்டவில்லை என்பதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் பம்ப்பே செய்வதாகச் சொல்வது

நரம்புத் துடிப்பில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் வரைபடத்தைப் போட்டு, "இறங்கும்போது சோடியம்-பொட்டாசியம் பம்ப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். மின்னழுத்தத்தை இறக்குவது பம்ப் இல்லை. செல்சவ்வில் சோடியம் புகும் வழிகளான சோடியம் சேனல்கள் முடங்குகின்றன, பொட்டாசியம் சேனல்கள் திறக்கின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. ஓரிரு மில்லி விநாடியில் முடிந்தது. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப், பின்னணியில் மெதுவாக வேலை செய்வது.

வரலாறு தெரிந்தவர் இப்படிச் சொல்லமாட்டார். கணவாயின் பருத்த நரம்பிழையை வைத்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்பை விளக்க 1952இல் எழுதிய சமன்பாடுகளில் பம்ப்புக்கு இடமே இல்லை. 1955இல் ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் நச்சு வைத்துச் சோடியம் வெளியேற்றத்தை, அதாவது பம்ப்பின் வேலையை, நிறுத்தினார்கள். நரம்பு அப்போதும் துடிப்பைக் கடத்தியது. நண்டு நரம்பில் அந்தப் பம்ப் நொதியை ஸ்கௌ காட்டியது 1957இல்தான்.

இதன் விலை வார்டில் தெரியும். சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு ஏன் தடுமாறுகிறது என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். "பம்ப் வேலை செய்யல சார்" என்றார். வெளியே பொட்டாசியம் கூடினால் துடிப்பில்லாதபோது செல்லில் இருக்கும் ஓய்வு மின்னழுத்தம் சுழியை நோக்கி நகரும், சோடியம் சேனல்கள் பல முடங்கிவிடும் என்று யோசிக்க அவருக்கு யாரும் வழிகாட்டவில்லை. கெட்டிக்காரப் பெண் என்பதால் இன்னும் வருத்தம்.

சௌ கிட் சந்தையில் கழுவாத முழு சோத்தோங் (கணவாய்) வாங்கிப் பிளந்து, உள்சுவரில் இருக்கும் நட்சத்திர வடிவ நரம்பு முடிச்சைக் காட்டுங்கள். பருத்த இழைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நோபல் ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வது

வேண்டாம்.

டிஎன்ஏவை 1953இன் இரட்டைச் சுருளிலிருந்து தொடங்குவது

மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று 1944இல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி சோதனையில் காட்டியதைச் சொல்லாவிட்டால் "ஏன் டிஎன்ஏ?" என்ற கேள்வியே எழாது. புரதம்தான் மரபுப்பொருள் என்று அப்போது பலர் நம்ப நியாயமான காரணம் இருந்தது. அந்தச் சந்தேகத்தை வகுப்பில் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் டிஎன்ஏவை எக்ஸ்ரேயால் ஆராய்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளினை ஒரு வரியில் முடிக்காதீர்கள். அவருடைய ஆய்வில் மாணவர் கோஸ்லிங் எடுத்த 51ஆம் எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டு, நடுவில் தெரியும் குறுக்குக்குறி எதைக் காட்டுகிறது என்று கேளுங்கள்.

முடிவை முதலில் சொல்வது

டிஎன்ஏ எப்படிப் படியெடுக்கப்படுகிறது என்று பார்த்த மெசல்சன், ஸ்டால் 1958 சோதனையில், சுழற்றிய குழாயில் டிஎன்ஏ பட்டைகள் எங்கே நிற்கும் என்று முதலில் மாணவர்களே வரையட்டும். அசல் படம் அதற்குப் பிறகு.