குப்பை மண்ணில் பொன் தேடுவோர் செய்யும் தவறுகள்

சேலத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவனுக்கு இரண்டு வகை அழைப்புகள் வரும். "கஞ்சமலையில் தங்கம் இருக்கிறதாமே, ஒருநாள் போய்ப் பார்க்கலாமா?" என்பது ஒன்று. "அண்ணா, தோடு விழுந்துவிட்டது, கொஞ்சம் வர முடியுமா?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. கஞ்சமலையில் இருப்பது இரும்பு. 'கஞ்சம்' என்பதற்குப் பொன் என்று பொருள் சொல்வோரும் உண்டு, சித்தர்கள் ரசவாதம் செய்த மலை என்ற கதையும் உண்டு. ஆனால் மழை வடிந்த ஓடையில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள், தாடி முளைத்ததுபோல் கருமணல் ஒட்டிக்கொண்டு வரும். அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. சேர்வராயன் மலைமேல் பாக்சைட், அடிவாரத்தில் மேக்னசைட். தங்கக் கட்டிக்குப் பேர்போன நிலங்கள் வேறு எங்கோ இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் அருகே 1980இல் ஒருவர் டிடெக்டரை வைத்தே 27 கிலோ எடையுள்ள கட்டி ஒன்றை எடுத்தார். நமக்கு அருகில் உள்ள கோலாரிலோ தங்கம் பாறைக்குள் இழையோடிக் கிடந்தது, அதைத் தேடி மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கினார்கள். 2001இல் அந்தச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். கையில் ஒரு கருவியோடு கஞ்சமலை ஏறினால் கால்வலி நிச்சயம்.

இரண்டாவது அழைப்புக்குத்தான் நான் கிளம்புவேன். தொலைந்த நகையும் மண்ணில் கிடக்கும் பொன்தான். அதைத் தேடும் முறை, விக்டோரியாவின் பழைய தோண்டல் நிலங்களில் ஆணிக்கும் ஈயக் குண்டுக்கும் நடுவே கட்டி தேடுகிறவர்களின் முறையேதான். அவர்களுக்கு வாய்த்த குப்பை துருப்பிடித்த தகரம். நமக்கு வாய்த்தது மாத்திரை அட்டை.

சென்ற ஆண்டு, திருமண மண்டபம் ஒன்றின் பின்னால் இருந்த காலி மனைக்குக் கூப்பிட்டார்கள். வண்டி நிறுத்திய இடத்தில் மணப்பெண்ணின் அத்தைக்குக் கல்தோடு ஒன்று விழுந்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே நடந்திருந்ததுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஒருவர் துடைப்பம் எடுத்துப் பெருக்கியிருந்தார். இன்னொருவர் மண்வெட்டியால் மேல்மண்ணைக் கிளறியிருந்தார். பத்துப் பதினைந்து பேர் குறுக்கும் நெடுக்கும் நடந்திருந்தார்கள். மண்ணின் மேல் கிடந்திருக்கக்கூடிய தோடு இப்போது எங்கோ ஒரு விரற்கடை ஆழத்தில், எந்தத் திசை என்றே தெரியாமல் போய்விட்டது. பொருள் விழுந்துவிட்டால் முதலில் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். நான்கு கல்லை வைத்து எல்லையைக் குறியுங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள். ஏற்கெனவே பெருக்கியாகிவிட்டதென்றால் தேடலை அந்தக் குப்பைக் குவியலிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு சாக்கை விரித்து, பிடி பிடியாகப் பரப்பிப் பார்ப்பது.

அடுத்து நான் கேட்டது மற்றக் காதின் தோட்டை. "அது எதற்கு? அது பத்திரமாக இருக்கிறதே!" என்றார் அத்தை. இங்கேதான் கருவியைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. டிடெக்டருக்குத் தங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. அதன் வட்டமான கம்பிச்சுருள் ('காயில்' என்போம்) மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறு புலத்தைக் காயில் திரும்பப் பிடிக்கிறது. எவ்வளவு தாமதமாகத் திரும்புகிறது என்பதைக் கணக்கிட்டுத் திரையில் ஓர் எண் காட்டுகிறது. அவ்வளவுதான். இரும்புக்குக் கீழ் எண்கள், செம்புக்கும் வெள்ளிக்கும் மேல் எண்கள். மெல்லிய தங்கம் வந்து உட்காரும் இடம், அலுமினியத் தாளின் துண்டு உட்காரும் அதே இடம். மோதிரம்போல் கனத்த நகையானால் அலுமினிய மூடி, வளையம் ஆகியவற்றின் பக்கத்தில் வரும். ஆகவே ஜோடித் தோட்டை அதே மண்ணில் வைத்து, அதே அமைப்பில், நேராகவும் பக்கவாட்டிலும் குத்துக்கோட்டிலும் காயிலைக் காட்டிப் பார்த்தால் நாம் தேடும் குரல் எதுவென்று காதுக்குப் பழகிவிடும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஐந்து மணி நேரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் தேடியிருக்கிறேன்.

சங்கிலிக்கு இந்தப் பாடம் வேறு மாதிரி. அரை மீட்டர் நீளம், இரண்டு சவரன், கருவி ஊரைக் கூட்டிக் கத்தும் என்று நினைப்போம். கத்தாது. மெல்லிய சங்கிலியில் கண்ணிகள் ஒன்றையொன்று லேசாகத்தான் தொட்டுக்கொள்கின்றன. மின்னோட்டம் முழுச் சங்கிலியிலும் சுற்றாமல் தனித்தனிக் கண்ணிக்குள் முடங்கிவிடுவதால், நீண்ட சங்கிலி ஒன்று பல குட்டித் துணுக்குகளாகவே தெரியும். தேட வேண்டியது சங்கிலியை அல்ல, கொக்கியையோ டாலரையோதான். உடைந்து வாய் பிளந்த மோதிரமும் முழு மோதிரத்தைவிட மெலிந்தே ஒலிக்கும்.

இனி, எல்லாத் தவறுகளுக்கும் தாய். குப்பை தாங்க முடியாமல் மனிதன் என்ன செய்கிறான்? தேவையில்லாத எண்களை மௌனமாக்கும் வசதி கருவியில் இருக்கிறது. அதைத் திருகி இரும்பை அடக்குகிறான். நிம்மதி. அப்படியே அலுமினியத் தாளையும் அடக்குகிறான். பெரும் நிம்மதி. தோட்டையும் சேர்த்தே அடக்கிவிட்டான் என்பது அவனுக்குத் தெரியாது. அன்று முழுவதும் அமைதியான மனையில் நடந்துவிட்டு, "இங்கே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். சிறு தங்கத்தைத் தேடும்போது அலுமினியத்தை ஒதுக்கவே முடியாது. ஒவ்வொரு மாத்திரை அட்டைத் துணுக்கையும் கையால் எடுத்துப் பையில் போட வேண்டும். வேறு வழி இருந்தால் அதை நான் எப்போதோ கைக்கொண்டிருப்பேன்.

ஒதுக்கிவிட்டோமே என்று நிம்மதியாகும் இரும்பும் சும்மா இருப்பதில்லை. ஓர் ஆணியின் பக்கத்தில் தோடு கிடந்தால், கருவி ஆணியைக் கேட்டு வாயை மூடிக்கொள்கிறது. மீண்டும் வாய் திறப்பதற்குள் காயில் தோட்டைத் தாண்டிவிடுகிறது. முழு மௌனத்தைவிட இரும்பைத் தாழ்ந்த உறுமலாகக் கேட்டுக்கொண்டே போவது நல்லது. உறுமலின் நடுவே ஒரு சிறு கீச்சு வந்தால் அங்கே நில்லுங்கள். அதே புள்ளியை இன்னொரு திசையிலிருந்தும், அதாவது முதலில் கிழக்கு மேற்காக வீசியிருந்தால் இப்போது வடக்கு தெற்காக, வீசிக் கேளுங்கள். நீண்ட ஆணியும் கம்பி மத்தாப்பின் கம்பியும் ஒரு திசையில் பொன்போல் இனித்து, மறுதிசையில் உறுமிக் காட்டிக்கொடுக்கும். மண்டபத்து மனைகளில் மத்தாப்புக் கம்பி எத்தனை என்று எண்ணவே முடியாது. நெளிந்த தகர மூடி மட்டும் இந்தச் சோதனையிலும் சில சமயம் தேறிவிடும், அதைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

குப்பையிலும் சாதி உண்டு. பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதன் உள்பூச்சு மிக மெல்லியது, கருவி அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. மாத்திரை அட்டை, பொட்டலம் கட்டிய அலுமினியத் தாள், குவார்ட்டர் பாட்டிலின் திருகு மூடி ஆகியவைதான் எமன்கள். இவற்றைவிட மோசம், குப்பை கொளுத்திய இடம். அலுமினியம் உருகித் துளித்துளியாக உறைந்து கிடக்கும். மண் ஒட்டிய அந்தத் துளியைக் கையில் எடுக்கும்போது கட்டியே கிடைத்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கையில் வைத்து எடை பாருங்கள். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைவிட 19 மடங்கு, அலுமினியத்துக்கு மூன்று மடங்குகூட இல்லை. உள்ளங்கை ஏமாறாது.

மண்ணுக்கு வருவோம். சேலத்தில் தேடுகிறவனுக்குக் குப்பைக்கு அடுத்த பகை இந்தக் கருமணல்தான். கஞ்சமலைப் பக்கம் காயிலைத் தரையில் வைத்தாலே வெறும் மண் முனகும். ஏற்காட்டில் சிவந்த இரும்புக் கற்கள் அங்கங்கே உலோகம்போல் ஒலிக்கும். இதைக் கண்டு ஆழம் போதவில்லை என்று நினைத்து கருவியின் உணர்திறனை, அதாவது சென்சிட்டிவிட்டியை, உச்சத்துக்கு ஏற்றுவார்கள். கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் பக்கத்தில் நின்றுகொண்டு கொலுசுச் சத்தம் கேட்க முயல்வதுபோல் அது. ஏற்ற ஏற்ற மண்ணின் இரைச்சலும் ஏறும், தோடு அதற்குள் மூழ்கும். தாறுமாறான சத்தம் அடங்கும் வரை குறையுங்கள். மேல்மண்ணில் கிடக்கும் நகைக்கு ஆழம் தேவையே இல்லை.

மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சமன்படுத்துவதையும் காலையில் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஜல்லி கொட்டிய இடத்திலிருந்து வண்டல் மண்ணுக்குப் போனாலோ, நிழலின் ஈரத்திலிருந்து வெயிலின் காய்ந்த தரைக்கு வந்தாலோ மறுபடி செய்ய வேண்டும். உலோகமில்லாத ஒரு சாண் இடம் பார்த்து, காயிலைத் தரையருகே மேலும் கீழுமாக அசைத்து, ஒலி ஏறாமல் இறங்காமல் நிற்கும் வரை சரிசெய்வது. அந்தச் சாண் இடம் கிடைப்பதே குப்பை மனையில் ஒரு தேடல்.

காயில் சிறியதாக இருக்கட்டும். கருவியோடு வரும் 11 அங்குலக் காயில் ஒரே வீச்சில் நான்கு ஆணியையும் இரண்டு மூடியையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். ஐந்து ஆறு அங்குலக் காயில் அவற்றைப் பிரித்துக் கேட்கும். நெல் அறுப்பவரைப்போல் அரிவாள் வீச்சு வீசாமல், திண்ணை மெழுகுவதுபோல் மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி படியும்படி, தரையோடு ஒட்டிப் போக வேண்டும். வீச்சின் இரு கோடியிலும் கையை உயர்த்தும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. சிறு பொருள் அந்த உயரத்தில் கேட்காது. இரும்பு முனை வைத்த காலணி வேண்டாம். கைப்பேசி சட்டைப்பையில் இருந்தாலும் கருவி உளறும்.

வாங்கும்போது செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டு ஆன்டெனாக் கம்பிகள் நீட்டிக்கொண்டு, "அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தங்கம் மட்டும் காட்டும்" என்று லட்சக்கணக்கில் விற்கிறார்கள். அப்படி ஒரு கருவிக்கு இயற்பியலில் இடமில்லை. கை சாய்ந்த பக்கம் கம்பி சாயும். அந்தப் பணத்துக்கு விற்றவரிடமே தங்கம் வாங்கியிருக்கலாம்.

யாருடைய நிலமோ அவரைக் கேட்டுவிட்டுத்தான் காயிலை இறக்க வேண்டும். எஸ்டேட்டில் காவலாளி சரி என்று சொன்னது போதாது. காப்புக்காட்டிலும் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களிலும் தோண்டும் எண்ணமே வேண்டாம். தேடப் போன தோட்டுக்குப் பதில் பழங்காசுப் பானை ஏதும் அகப்பட்டால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் சிறை வரை போகலாம்.

மண்டபத்து மனையில் முதல் நாள் மாலை வரை எனக்குக் கிடைத்தவை: 60க்கும் மேற்பட்ட மாத்திரை அட்டைத் துணுக்குகள், கட்டுக்கம்பி, மூடிகள், ஒற்றைக் கொலுசின் மணி ஒன்று. இரண்டாம் நாள் காலையில் தோடு கிடைத்தது. எங்கே என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முந்தைய நாள் நானே தோண்டி ஓர் ஆணியை எடுத்த குழியின் ஓரத்தில், நானே வாரி வைத்த மண்ணில். ஆணி வந்ததும் காந்தத்தில் ஒட்டிவிட்டு, சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். குழியையும் குவியலையும் மறுபடி ஒருமுறை கேட்கவில்லை. எடுத்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுக் காயிலின் மேல் காட்டியிருந்தால், பாதியைக் கொட்டிவிட்டு மீதியைக் காட்டி, அதையும் பாதியாக்கி, இரண்டு நிமிடத்தில் கைக்கு வந்திருக்கும். அத்தைக்கு ஓர் இரவுத் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

தோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, திருகாணி?" என்றார். அதற்காக மேலும் மூன்று மணி நேரம் தேடினேன். அது இன்னும் அந்த மனையில்தான் கிடக்கிறது.