சார்ஜர் கரண்ட் தின்கிறதா? மீட்டரைக் கேளுங்கள்

"சார்ஜரைச் சும்மா மாட்டி வைக்காதே, கரண்ட் ஓடுது" என்று அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். ஒரு ராத்திரி வீம்புக்கென்றே மீட்டர் பெட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் போதும். போன்தான் சார்ஜில் இருக்குமே.

மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே 3200, 1600 என்று ஏதாவது ஓர் எண் அச்சடித்திருக்கும். ஒரு யூனிட் ஓடி முடிவதற்குள் விளக்கு அத்தனை தடவை மினுக்கும். முதலில் வீட்டில் இருக்கிற எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். ஃபிரிட்ஜையும்தான், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது, கதவை மட்டும் திறக்காதீர்கள். வைஃபை பெட்டியை மறந்துவிட்டு நான் பத்து நிமிஷம் குழம்பினேன்.

இனி கணக்கு. 36 லட்சத்தை மீட்டர் எண்ணால் வகுத்து, வந்ததை இரண்டு மினுக்கலுக்கு நடுவே ஆன விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். என் மீட்டரில் 3200. ஆகவே 1125-ஐ விநாடியால் வகுத்தேன், அவ்வளவுதான்.

20 சதவீதத்தில் இருந்த போனைச் செருகியதும் 45 விநாடிக்கு ஒரு மினுக்கல். 25 வாட். 80 சதவீதம் தாண்டியபின் இடைவெளி நீண்டுகொண்டே போய் இரண்டு நிமிஷத்தை நெருங்கியது. போனைக் கழற்றிவிட்டு வெறும் சார்ஜரை விட்டேன். நாற்பது நிமிஷம் உட்கார்ந்தும் ஒரு மினுக்கல்கூட இல்லை. கழுத்து வலிதான் மிச்சம்.

அதற்காக அப்பா சொன்னது சுத்தப் பொய் என்று ஆகாது. ரொம்பச் சின்ன லோடை மீட்டர் கண்டுகொள்வதே இல்லை. மிச்சத்தைக் காகிதத்தில்தான் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2020 ஏப்ரல் முதல், போன் சார்ஜர் மாதிரிச் சின்ன அடாப்டர் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. அந்த அளவு இழுத்தாலும் வருஷம் முழுக்க 0.88 யூனிட். 5000 மில்லிஆம்பியர் பேட்டரியைத் தினமும் ஒரு முறை நிரப்பினால் விரயத்தோடு சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 9 யூனிட்.

பழைய, கையில் கனக்கிற டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் விஷயம் வேறு. போன் இல்லாமல் ஒரு மணி நேரம் மாட்டிவைத்துத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்தச் சூடு முழுக்க உங்கள் கரண்ட்தான். போன் கொஞ்சம் விலகிக் கிடக்கும் வயர்லெஸ் தட்டும் அப்படித்தான் வீணாக்கும். மட்டமான போலி சார்ஜரை எப்போதும் பிடுங்கியே வையுங்கள்; அங்கே பயம் பில்லுக்கு இல்லை, தீக்கும் ஷாக்குக்கும்.

எழுந்திருக்கும் முன் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். ரிமோட்டில் அணைத்திருந்த டிவி செட்டாப் பாக்ஸைச் செருகியதும் விளக்கு மினுக்கத் தொடங்கியது, 90 விநாடிக்கு ஒன்று. 12.5 வாட். இப்படியே விட்டால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 110 யூனிட்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சார்ஜர் பேச்சு அதோடு நின்றது. பாக்ஸை சுவிட்சில் அணைக்கச் சொன்னால் மட்டும், "காலையில நியூஸ் வர லேட்டாகும்டா" என்கிறார்.