உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள்: தலைமையையும் நிர்வாகத்தையும் குழப்பும் தவறுகள்

காவிரி டெல்டாவில், உழவர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தள்ளாடினால், பணம் போதவில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். பல நேரங்களில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுத்து உறுப்பினர்களைத் திரட்டுவது தலைமை. எடுத்த முடிவை நாள்தோறும் பிசகாமல் நடத்துவது நிர்வாகம். இரண்டையும் ஒருவரே சுமக்கும்போது ஏதாவது ஒன்று கேட்பாரற்றுப் போகிறது.

சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. கம்பெனிகள் சட்டப்படி இத்தகைய நிறுவனத்துக்கு 5 முதல் 15 இயக்குநர்கள் இருக்கலாம். முழுநேரமாகப் பணியாற்றும் முதன்மைச் செயல் அலுவலரை இயக்குநர் குழு நியமிக்க வேண்டும். அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. இதை வெறும் சடங்காக எண்ணி, தலைவர் தம் உறவுக்காரப் பையனையே அந்த நாற்காலியில் உட்கார வைப்பது பெரிய தவறு. அதன் பிறகு கணக்கைக் கேட்க எவருக்கும் வாய் வராது.

எல்லோரும் பாராட்டுகிற தவறு ஒன்றும் உண்டு. தலைவரே விடியற்காலையில் நிறுவனத்தின் கடையைத் திறந்து உர மூட்டைகளை எண்ணுவார். உழைப்புக்கு அஞ்சாத மனிதர் என்று ஊர் மெச்சும், மெச்சத் தகுந்தவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை காத்துக்கிடக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குறுவை என்னும் குறுகிய காலப் பயிர் உண்டா, நீண்ட காலச் சம்பா ஒன்றோடு நின்றுவிடுவதா? ஏறக்குறைய 110 நாளில் விளையும் ஆடுதுறை 43 நெல் விதையை வாங்குவதா, 155 நாளுக்கு மேல் வயலில் நிற்கும் சி.ஆர். 1009 வாங்குவதா? ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் அணையை எதிர்பார்க்காமல் நாற்றங்கால் விடுவார். வாய்க்கால் நீரையே நம்பும் கடைமடைக்காரருக்கு அது முடியாது. இருவரும் ஒரே நிறுவனத்தின் உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டுதான். இவர்களை உட்காரவைத்துப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதைக் கடை ஊழியர் செய்ய முடியாது. முடிவு பிசகினால் விற்காத விதையில் நிறுவனத்தின் பணம் முடங்கிவிடும்.

ஹார்வர்டு பேராசிரியர் ஜான் காட்டர் 1990இல் இந்த வேறுபாட்டை விளக்கினார்: சிக்கலான வேலைகளைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை. ஆண்டுக்கு ஆண்டு நீர்வரத்து மாறும் டெல்டாவுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

அதற்காகத் தலைமை உயர்ந்தது, நிர்வாகம் அதற்கு அடுத்தபடி என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியாது. சம்பா அறுவடையின்போது கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அந்த நேரத்தில் மழை வந்தால் நெல்லைக் காப்பது தார்ப்பாயும், உலர்களமும், நேரத்துக்கு வந்து சேரும் லாரியும்தான். அறுவடை இயந்திரம் யார் வயலுக்கு எப்போது போகும் என்ற முறைப்பட்டியல் தவறினால், முதிர்ந்த கதிர் சாய்ந்துவிடும். இதையெல்லாம் கவனிக்கும் செயல் அலுவலரைக் கணக்குப்பிள்ளையாக மட்டும் நடத்தி, சில்லறைக் காரணத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த ஒழுங்கும் நிலைக்காது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. படித்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று எல்லாவற்றையும் அலுவலரிடம் விட்டுவிட்டு, இயக்குநர்கள் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். கொள்முதல் விலை, கடன், புதிய தொழில் ஆகியவை குழு கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியவை.

எனவே அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் எழுதிவிடுங்கள். எந்தத் தொகை வரை அலுவலர் தாமே செலவு செய்யலாம், எதற்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும், இருப்புக் கணக்கை மாதத்தில் எந்த நாளில் குழு முன் வைக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். அதை உறுப்பினர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.